எங்கள் அப்பாயிக்கு வயது என்ன?

பழைய காலத்துப் பாட்டிமார்களிடம் வயதைக் கேட்டால் எண் வராது. ஒரு சம்பவம்தான் வரும். “எம்டன் குண்டு போட்டப்போ எனக்குப் பால்பல் விழலை” என்பாள் ஒருத்தி. “பெருவெள்ளம் வந்த ஆடிக்கு மறு மாசம் எனக்குப் பரிசம் போட்டாங்க” என்பாள் இன்னொருத்தி. கேட்டவர்தான் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பாட்டிமார்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வைத்திருந்தது வேறு கணக்கு. பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, எண் கிடையாது. 60 முடிந்தால் மறுபடியும் பிரபவ. இதில் ஒரு சங்கடமும் உண்டு. வெறுமனே ‘தாது வருஷம்’ என்றால் எந்தத் தாது? 1876-ல் வந்ததா, 1936-ல் வந்ததா? ‘பஞ்சம் வந்த தாது’ என்று சொன்னால்தான் தகராறு தீரும். அதனால்தான் வருஷத்தின் பெயரோடு ஒரு பஞ்சமோ, புயலோ, வெள்ளமோ ஒட்டிக்கொண்டு வருகிறது.

என் தகப்பனாரைப் பெற்ற அப்பாயி இந்தக் கணக்கில் புலி. எங்கள் ஊர் லால்குடிப் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிறது. அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டை விரல்தான். ஆனால் தெருவில் யாருக்கு ஜாதகம் எழுத வேண்டுமென்றாலும் அவளிடம் வந்து நிற்பார்கள். “நீ பார்த்திப வருஷம், பங்குனி மாசம், அவிட்டம். நீ பொறந்த மறுநாள்தான் எங்க செவலைப் பசு கிடாரிக் கன்னு போட்டுச்சு” என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வாள். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அவளுக்குப் பரம விரோதி ஒருவர் உண்டென்றால் அது பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகளைச் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டிவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது! அன்றைய தேதியிலிருந்து ஐந்து வருஷத்தைக் கழித்து ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் பிறந்த தேதியாக எழுதிவிடுவார் வாத்தியார். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். “ஊர்லே அத்தனை பொம்பளையும் ஆனி மாசத்துக்குக் காத்திருந்து பெத்தாளுங்களாக்கும்!” என்பாள் அப்பாயி. என் தகப்பனாருக்கும் இப்படி இரண்டு பிறந்த நாள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றது வாத்தியார் எழுதிய நாளில். எண்ணெய் தேய்த்துக் குளித்தது அப்பாயி சொன்ன நாளில்.

வால் நட்சத்திரம்

அவளுடைய வயது? கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். “நான் சாதாரண வருஷம். வால் நட்சத்திரம் தெரிஞ்ச வருஷம்.”

1910-ஆம் வருஷத்தில் வானத்தில் இரண்டு வால் நட்சத்திரங்கள் தெரிந்தன. ஜனவரியில் ஒன்று திடீரென்று வந்து போயிற்று. அது சௌமிய வருஷத்துத் தை மாதம். உலகமே பயந்து நடுங்கிய ஹாலி வால் நட்சத்திரம் சித்திரை, வைகாசியில் வந்தது. அதற்குள் சாதாரண வருஷம் பிறந்துவிட்டது. மே மாதம் அதன் வால் வழியாகப் பூமி புகுந்து போகப் போகிறது, விஷ வாயுவில் எல்லோரும் சாகப்போகிறோம் என்று மேல்நாட்டில் படித்தவர்களே பீதி கொண்டார்கள். கொள்ளிடக் கரை ஜனங்களுக்கு விஷ வாயு தெரியாது. ராஜாவுக்கு ஆகாது, ஊருக்கு ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது மட்டும் தெரியும். (அந்த மே மாதமே இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்துபோனார். ராஜாவுக்கு ஆகாது என்று சொன்னவர்களுக்குக் கேட்க வேண்டுமா?)

அப்பாயி அடிக்கடி சொல்லும் கதை இது: “ஊரே விடியறதுக்கு முன்னாடி ஆத்து மணல்லே போய் நின்னு பார்த்துச்சாம். எங்கம்மா மட்டும் பார்க்கலை. உள்ளே விட்டுக் கதவைச் சாத்திட்டாங்களாம். சந்து வழியா பார்த்துடப் போறான்னு கோணிப்பை வெச்சு அடைச்சாங்களாம்.”

அதே வால் நட்சத்திரம் 76 வருஷம் கழித்து, 1986-ல் திரும்பி வந்தது. அந்தப் பங்குனியில் நானும் பெரியப்பா பிள்ளைகளும் விடியற்காலையில் அவளைக் கைபிடித்து ஆற்று மணலுக்கு அழைத்துப் போனோம். அந்தத் தடவை அது வெகு மங்கலாகத்தான் தெரிந்தது. தெற்கே சாய்ந்த கீழ்வானத்தில், ஊதிவிட்ட திருநீறு போல ஒரு தீற்றல். வாலை எங்களால்கூடச் சரியாகக் கண்டுகொள்ள முடியவில்லை. அப்பாயி கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். “எங்கம்மா பார்க்காததை நான் பார்த்துட்டேன்” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா வெகுநாள் இருக்கவில்லை. 1918-ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷ ஜுரம் ஐப்பசி மாதத்தில் அவர்கள் ஊருக்கும் வந்தது. ஒரே வாரத்தில் தெருவில் பதினோரு பாடை. அப்பாயிக்கு அப்போது எட்டு வயது. அதற்குப் பிறகு அவளை வளர்த்தது அத்தைக்காரி.

வெள்ளமும் அணையும்

அப்பாயி பிறந்தது கொள்ளிடத்துக்குத் தென்கரையில், திருவையாற்றுப் பக்கம். வாழ வந்தது வடகரை. நடுவே ஆறு. 1924-ல், ரக்தாட்சி வருஷம், ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். ஆடியில் காவிரியும் கொள்ளிடமும் கரை மீறிப் பெருகின. தென்னாட்டில் அதற்கு முன்னும் பின்னும் வந்த வெள்ளங்களை அந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டே பெரியவர்கள் பேசினார்கள். கல்யாணத்துக்கென்று மாப்பிள்ளை வீட்டுக் குதிரில் இருந்த நெல் முளைவிட்டுப் போயிற்று. வயலில் இடுப்பளவு மணல். மணலை வாரிக் கொட்டிவிட்டுத் தை மாதத்தில்தான் தாலி கட்டினார்கள். “ஆறே என்னைப் போக வேணாம்னு தடுத்துச்சு, நான்தான் கேட்கலை” என்று சிரிப்பாள்.

வெள்ளத்தையும் வறட்சியையும் கட்டி மேய்க்க 1925-ல் மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. ஒன்பது வருஷ வேலை. 1934 ஆகஸ்டு 21-ந் தேதி திறந்தார்கள். எங்கள் பெரியப்பா பிறந்தது அந்த ஆவணியில்தான். பவ வருஷம் என்றெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. “அணைக்காரன்” என்றே அப்பாயி கூப்பிடுவாள். அணைக்கு எத்தனை வயதோ அவருக்கும் அத்தனை வயது.

தாத்தா 1943-ல், சுபானு வருஷம், வாந்திபேதியில் போய்விட்டார். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வரத்து நின்று, ஊரெங்கும் தட்டுப்பாடாக இருந்த சமயம். அப்பாயிக்கு முப்பத்து மூன்று வயது. கையில் ஆறு மா நிலம், ஒரு பசு, நான்கு பிள்ளைகள். எப்படி வளர்த்தாள் என்று கேட்டால் அதற்கு மட்டும் கதை கிடையாது. “வளர்ந்தீங்க” என்று முடித்துவிடுவாள். அவள் பால் கறந்து வாடிக்கைக்கு ஊற்றியதும், பிறத்தியார் வயலில் நாற்று நட்டதும், ராத்திரியில் நெல் அவித்ததும் பெரியப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

1952 ஜனவரியில் முதல் பொதுத் தேர்தல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். அப்பாயி காலையிலேயே குளித்துவிட்டுப் போய் நின்றாள். பட்டியலில் அவள் வயது 45 என்று இருந்தது. எழுத வந்தவர் முகத்தைப் பார்த்துப் போட்ட வயது. அடுத்த தேர்தல் 1957-ல் வந்தபோது அது 43 ஆகிவிட்டது! “அஞ்சு வருஷத்திலே ரெண்டு வயசு கொறைஞ்சிருக்கேன். இன்னும் நாலு எலெக்ஷன் வந்தா எனக்கு மறுபடியும் கல்யாணம் பண்ணணும்” என்றாளாம். அந்த வருஷம்தான் நயா பைசாவும் வந்தது. ரூபாய்க்குப் பதினாறணா போய் நூறு பைசா ஆயிற்று. அவள் சாகிறவரை ஐம்பது காசை எட்டணா என்றுதான் சொன்னாள்.

போனவர்களுக்கும் வயது

அப்பாயியின் கணக்கில் ஒரு விசித்திரம் இருந்தது. அவள் ஏழு பெற்றாள், நான்கு நின்றது. போன மூன்றுக்கும் அவள் வயதை நிறுத்தவில்லை.

மூத்த பிள்ளை பிரபவ வருஷம், 1927-ல் பிறந்தவன். இரண்டு வயதில் அம்மை வார்த்துப் போய்விட்டான். கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ அப்பாயி யாராவது ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். “அவனுக்கும் இப்ப நாப்பத்தஞ்சு, இந்த ஆளு மாதிரிதான் முன்நெத்தி ஏறியிருக்கும்” என்பாள். அழுகை கிடையாது. வெளியூரில் வேலையாக இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

1987-ல் பிரபவ வருஷம் சுற்றி வந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாயசம் ஊற்றினாள். என்ன விசேஷம் என்று என் தாயார் கேட்டதற்கு, “மூத்தவனுக்கு அறுபது முடிஞ்சிருக்கு” என்றாள். அறுபதாம் கல்யாணம் என்பது பிறந்த வருஷம் அதே பெயரோடு திரும்பி வருகிற நாள் அல்லவா? இரண்டு வயதில் போன பிள்ளைக்கு அதைக் கொண்டாடிய தாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சர்க்கார் காகிதம்

இப்போது 2008-க்கு வருவோம். அப்பாயிக்குக் காது நன்றாகக் கேட்டது. கண் புரை எடுத்தும் மங்கல். நடை திண்ணைக்கும் அடுக்களைக்கும் மட்டும். இருதயம் பலவீனமாக இருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

பூர்வீக நிலத்து விவகாரமாகப் பழைய தஸ்தாவேஜுகளைத் தேடிப் போன என் சித்தப்பா மகன், அப்பாயி பிறந்த ஊரின் பிறப்புப் பதிவு நகல் ஒன்றோடு வந்தான். அந்த நாளில் கிராம முன்சீப் எழுதிவைத்த பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, தேதி, அவ்வளவுதான். இதிலும் அப்படித்தான். அப்பாயியின் தகப்பனார் பெயர், ‘பெண்’, 1908 நவம்பர் 24. அதற்கு அடுத்த வருஷங்களின் ஏடுகள் செல்லரித்துப் போய்விட்டனவாம்.

வீட்டில் ஒரே கோலாகலம். 1908 என்றால் இந்தக் கார்த்திகையில் நூறு! “அம்மா வால் நட்சத்திரம்னு சொல்றது கேள்விப்பட்ட கதைதானே? ரெண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். சர்க்கார் காகிதம் பொய் சொல்லுமா?” என்றார் பெரியப்பா. அவர் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 2010 வரை அவள் இருப்பாளா என்று அவருக்குப் பயம். அவளுக்கு ஒரு நூறைக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பந்தலுக்குச் சொன்னார். சமையலுக்கு ஆள் அமர்த்தினார். பத்திரிகை மாதிரி அச்சாகி வந்தது.

திண்ணையில் அவளை உட்காரவைத்து, பெரியப்பா அதை உரக்க வாசித்தார்.

“என்ன மாசம் சொன்னே?” என்றாள் அப்பாயி.

“கார்த்திகை. நீ கீலக வருஷம் கார்த்திகையாம்மா. சாதாரண வருஷம் ஆவணி இல்லே.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அது நான் இல்லடா. அது எங்கக்கா.”

அக்கா! தொண்ணூற்றெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. பெரியப்பாவுக்கே தெரியாது. எல்லோரும் திகைத்து நின்றோம்.

“பத்து மாசம் இருந்தா. முன்பல்லு ரெண்டு வந்துடுச்சாம். தவழ்ந்து வாசப்படி வரைக்கும் வருவாளாம். அப்புறம்தான் நான். எங்க அத்தை என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஒரே ஒரு தடவை சொன்னா. யார்கிட்டேயும் பேசாதே, பின்னாடி வந்த பிள்ளைக்கு ஆகாதுன்னா.”

அப்போதுதான் அவள் பெயர் எங்களுக்குப் பேசத் தொடங்கியது. முதல் பிள்ளை தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். எமனுக்கே வேண்டாததாகத் தோன்றும்படி ஒரு பெயரையும் வைப்பார்கள். தமிழ்நாட்டில் கிராமத்துக்குக் கிராமம் அந்தப் பெயர்கள் உண்டு. அப்பாயியின் பெயர் அவற்றில் ஒன்று. படித்த பேத்திகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூச்சப்படுவார்கள். கோணிப்பை வைத்து அடைத்த கதவுக்கும் அர்த்தம் விளங்கிவிட்டது. கர்ப்பிணியைத்தானே அப்படி அடைத்து வைப்பார்கள்? 1910 வைகாசியில் அந்த அம்மாவின் வயிற்றில் இருந்தவள் அப்பாயி.

பெரியப்பா விடவில்லை. “சரிம்மா, இருக்கட்டும். ஊருக்கெல்லாம் வாய்வார்த்தையாச் சொல்லிட்டேன். ரெண்டு வருஷந்தானே? யாரு கேட்கப் போறா?”

“ரெண்டு வருஷம் யாருதுடா?” என்றாள் அப்பாயி. குரல் உயரவில்லை. “அவ இருந்தது பத்து மாசம். அவளுக்குன்னு பேரு இல்லை, சமாதி இல்லை. இந்தக் காகிதம் ஒண்ணுதான் இருக்கு. அதையும் நான் எடுத்துக்கிட்டா அவளுக்கு என்னடா மிச்சம்?”

பெரியப்பா பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பாயியே அவரைக் கூப்பிட்டாள். “பந்தலை நிறுத்தாதே. கார்த்திகையிலே அவளுக்குத்தானே நூறு? அவளுக்கே செய்யுங்க.”

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் போன பெண்ணைக் கன்னிச் சாமியாக வைத்துப் படையல் போடுவது வழக்கம். புதுத் துணி, பூ, வளையல், பலகாரம் எல்லாம் வைப்பார்கள். பத்து மாதக் குழந்தைக்கு அப்படிச் செய்வதுண்டா என்று சிலர் கேட்டார்கள். அப்பாயி சொல்லிவிட்டாள், செய்தோம்.

துணி எடுக்கப் பெரியப்பாவோடு நான்தான் லால்குடிக்குப் போனேன். கைக்குழந்தைக்குப் பட்டுப் பாவாடை சட்டை வேண்டும் என்றார். கடைக்காரர் நான்கைந்து எடுத்துப் போட்டு, “பேத்திக்குங்களா, கொள்ளுப் பேத்திக்குங்களா?” என்று கேட்டார். எழுபத்து நான்கு வயது மனிதர், அந்தச் சின்னப் பாவாடையைக் கையில் விரித்துப் பார்த்தபடியே சொன்னார்: “எங்க பெரியம்மாவுக்கு.”

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் விலையைக் கேட்டேன்.

நவம்பர் 24-ந் தேதி அன்று நல்ல மழை. பந்தலில் ஒழுகியது. இருநூறு பேர் சாப்பிட்டிருப்பார்கள். நூறு என்ற எண் எங்கேயும் எழுதவில்லை. பூசாரி படையலுக்கு முன்னால் நின்று, யார் பெயரைச் சொல்லிக் கும்பிடுவது என்று கேட்டார். “பாப்பான்னு சொல்லுங்க” என்றாள் அப்பாயி. நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தோம். கையை நீட்டிப் பாவாடையின் ஜரிகைக் கரையைத் தடவிப் பார்த்தாள். பத்து மாதத்துக்கு இது கொஞ்சம் பெரிசு என்றாள்.

2009 மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அப்பாயி தூக்கத்திலேயே போய்விட்டாள். சாதாரண வருஷம் ஆவணியிலிருந்து கணக்குப் பார்த்தால் 98 முடிந்து ஆறு மாதம்.

காலை எட்டு மணிக்குள் அச்சகத்துப் பையன் சுவரொட்டிக்குப் படம் வாங்க வந்துவிட்டான். நல்ல பையன். எங்கள் ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் அவன்தான். படத்தை வாங்கிக்கொண்டு, “வயசு நூறுன்னு போட்டுடலாங்களா ஐயா? எல்லாரும் அப்படித்தான் போடச் சொல்றாங்க. பார்க்கவும் நல்லா இருக்கும்” என்றான்.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தொண்ணூத்தெட்டுன்னு போடு தம்பி” என்றார்.